வானத்தைப் பார்க்கும் கழுத்து

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை மேகத்தை யாரும் ரசிப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டி, வெள்ளைக் குவியல்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வானம் கறுத்திருந்தால் படம் இன்னும் எடுப்பாக விழும். பாத்திக்குள் நிற்கிறவருக்கோ அந்த மேகத்தைக் கண்டாலே வயிற்றில் புளி கரையும். ஒரு மணி நேர மழை போதும். பல நாள் வெயிலில் கெட்டிப்பட்ட உப்புநீர் நீர்த்துவிடும், படிந்த உப்பு கரைந்துவிடும். பாத்தி மறுபடி உப்புப் பூக்கும்வரை வேலை கிடையாது.

அதனால் உப்பு வாரும் கை ஓய்வதில்லை என்றாலும் கழுத்து மட்டும் அடிக்கடி நிமிர்கிறது. தோள்கள் காதை நோக்கி ஏறியே இருக்கின்றன. ஐப்பசி தொடங்கினால் மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை. ஆனால் குழுக் கடன் கட்ட வேண்டிய நாள் தவறாமல் வந்துவிடும். சுனாமி வந்த 2004-க்குப் பிறகு, 2011-ல் தானே, 2020-ல் நிவர், 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்களும் இந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. இங்கே ஒருவருக்குப் பதற்றம் வருவதில் ஆச்சரியமில்லை. வந்த பதற்றம் போகாமல் உடம்பிலேயே குடியேறிவிடுவதுதான் பிரச்சினை.

பாம்பு போய்விடும், மேகம் போகாது

வரப்பில் பாம்பைப் பார்த்தால் என்ன ஆகிறது? மூளை யோசிக்கும் முன்பே அட்ரினலின் ரத்தத்தில் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாக வாங்குகிறது, தாடையிலிருந்து கெண்டைக்கால் வரை தசைகள் இறுகுகின்றன. ஓடவும் அடிக்கவும் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பாம்பு புதருக்குள் போனதும் சற்று நேரத்தில் எல்லாம் தளர்ந்துவிடும்.

வட்டியும் வானிலையும் அப்படிப் புதருக்குள் போய்விடுவதில்லை. உடம்போ பாம்பு இன்னும் எதிரில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசை வலிக்கத் தொடங்கும். பின்னங்கழுத்தில் இறுக்கம், காலையில் எழும்போதே தாடை வலி, தலையைச் சுற்றி வார் போட்டுக் கட்டியது போன்ற பாரம், சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றைப் பிசைவது என்று ஒவ்வொன்றாக வரும். கட்டுப்படுத்த முடியாத கவலையோடு தூக்கக் குறைவு, எரிச்சல், சோர்வு, தசை இறுக்கம் போன்றவையும் சேர்ந்து, பெரும்பாலான நாட்களில் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், பொதுவான பதற்றக் கோளாறா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சிகிச்சை உள்ள கோளாறு அது.

கேஸ் என்று சொல்லிக் கடப்பது

நம்மூரில் நெஞ்சு படபடத்தால் முதல் வைத்தியம் சோடா. அடுத்தது 'எங்கேயோ பயந்திருக்கா' என்று மந்திரிப்பது. இரண்டையும் நான் கேலி செய்யமாட்டேன். மந்திரிக்கும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுக்கிறாளே, அந்தத் தடவலுக்கு ஒரு பலன் உண்டு. ஆனால் சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

உப்பளத்தில் அப்படிச் சோதிப்பதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023-ல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடே குறைந்திருப்பதும் அதில் தெரிந்தன. ஒதுங்க இடமில்லை என்று நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். நீர் வற்றிய உடம்பிலும் படபடப்பும் தலைசுற்றலும் வரும். ரத்தசோகை, தைராய்டு மிகையாகச் சுரப்பது, வெறும் வயிற்றில் குடிக்கும் மூன்றாவது டீ எல்லாம் பதற்றத்தைப் போலவே வேஷம் போடும். ஆகவே முதலில் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் இது மனசா மாரடைப்பா என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

“எப்பலேர்ந்து?”

காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். கூடையைக் கவிழ்த்துப் போட்டு, சும்மாட்டை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தூக்குவாளியைத் திறக்கும் அந்த நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். “கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கே, ராவுல தூங்கலியா?” என்று மூத்தவர் கேட்கிறார். “எங்கக்கா தூக்கம்? படுத்தா நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது” என்கிறாள் இளையவள். இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, கவலப்படாத” என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. “எப்பலேர்ந்து அப்படி இருக்கு?” என்றால், கடன், மகனின் படிப்பு, புயலன்று பறந்த ஓடு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். 'கவலைப்படாதே' என்பதைவிடப் பயனற்ற ஆறுதலை நான் கேட்டதில்லை. விட முடிந்தால் அவள் எப்போதோ விட்டிருப்பாளே.

இப்படிக் கேட்பது பலன் தரும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், அக்கம்பக்கத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வெளியே ஒரு மரப்பெஞ்சில் உட்காரவைத்தார். மனக்கலக்கத்துக்கு அங்கே வழங்கும் சொல் குஃபுங்கிசிசா. அதிகமாய் யோசிப்பது என்று பொருள். நாம் 'ஒரே யோசனையா இருக்கா' என்று சொல்கிறோமே, அதேதான். 24 சுகாதார நிலையங்களில், 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பெஞ்சில் பேசியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-ல் நிறுவிய சிநேகா அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களை வீடு தேடிப் போய், பேசவிட்டுக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததைச் சிநேகா அமைப்பினரே ஆய்வாக எழுதியிருக்கிறார்கள்.

ஹராரே பாட்டிகளின் சூட்சுமம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டி அனுப்புவதில்லை. பத்துக் கவலையில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். இது இல்லாமல் தினமும் அதே துயரத்தையே இருவரும் கிளறிக்கொண்டிருந்தால் பாரம் கூடும், கேட்கிறவரும் சேர்ந்து தூக்கம் இழப்பார். பேசினால் மழை நிற்காது என்பதும் உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, என்ன தாள் கேட்கிறார்கள் என்பது இப்படிப் பேசும்போதுதான் தெரியவரும். ஒரு கவலையாவது ஒரு மனுவாக மாறும்.

ஆண்கள் இந்தப் பேச்சுக்குச் சுலபத்தில் வருவதில்லை. உடம்பு வலிக்கு என்று சொல்லி ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்வார்கள். குடித்தால் அப்போதைக்குத் தசை தளர்வது உண்மை. போதை இறங்கும் விடியற்காலையில் படபடப்பு முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பி வருவதும் உண்மை. பக்கத்து எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் விஷச் சாராயம் எத்தனை உயிரைக் குடித்தது என்பதை இந்தக் கரைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களிடம் 'மனசு எப்படி இருக்கு' என்று கேட்டால் பதில் வராது. 'தோள் இன்னும் வலிக்குதா?' என்று கேட்டுப் பாருங்கள்.

இறுக்கி, விடுவது

நூறாண்டுக்கு முன் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் கண்டுசொன்ன வழி வரப்பில் நின்றபடியே செய்யக்கூடியது. தளர்த்து என்று சொன்னால் தசைக்குப் புரியாது. முதலில் இறுக்கிக் காட்ட வேண்டும். இரண்டு தோளையும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். பிறகு சட்டென்று விட்டு, பதினைந்து எண்ணும்வரை அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். பிறகு கைமுட்டி, அடுத்து தாடை, கடைசியில் கால். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். வலிக்கிற இடத்தில் மட்டும் மெதுவாக இறுக்குங்கள். ஒரே நாளில் பலன் தெரியாது. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

கூப்பிட ஓர் எண்

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, வேலைக்குப் போகவே முடியாமல் போனால், அல்லது செத்துப்போகலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தோழியின் காது மட்டும் போதாது. 14416-ஐ அழைக்கலாம். 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் மனநலச் சேவை அது. இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. நேரில் பார்க்க முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்தால், நாலு நாளில் தேவலை என்று நிறுத்திவிடக் கூடாது.

தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு எண்ணை அழுத்துங்கள். அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை.