மருத்துவர் அறையில் இளையோர்: ஊவா மலைத் தோட்டங்களை முன்வைத்து

பருவமெய்திய பெண்ணுக்குச் சடங்கு செய்வதில் ஊவா மலைத் தோட்டத்து மக்கள் குறை வைப்பதில்லை. பந்தலும் சீர்வரிசையும் ஒலிபெருக்கியும் லயம் முழுவதற்கும் செய்தி கூறும். எனினும், தன் உடலில் நிகழ்ந்த மாற்றம் யாது என்பதை அப்பெண்ணுக்கே விளக்கியுரைப்பார் அரியர். ஆண்பிள்ளைக்கோ சடங்குமில்லை, சொல்லுமில்லை. பாலுணர்வு பற்றிய ஐயங்களை அச்சமின்றிக் கேட்டறியத்தக்க இடம் மருத்துவரின் அறை. ஆயின் அங்கும் அப்பேச்சு எளிதில் எழுவதில்லை.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 253 இளையோர் மருத்துவரோடு நிகழ்த்திய உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்து ஆராயப்பட்டன. 2014ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின்படி, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் பால் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. பேச்சுக்குச் செலவான நேரம் சராசரி 36 வினாடியே. இளையோருள் ஒருவரேனும் தாமாக அதனைத் தொடங்கினாரில்லை. ஆகவே வினாவை எழுப்பவேண்டியவர் மருத்துவரே.

எழுப்புதற்கும் ஒரு முறை உண்டு. 1988இல் கோல்டன்ரிங், கோகன் என்னும் இருவர் எழுதிய கட்டுரையால் பரவிய வரிசை அது: வீடு, கல்வி, பொழுதுபோக்கு, போதைப்பொருள், பால், தற்கொலை எண்ணம். புறத்தே தொடங்கி மெல்ல அகம் நோக்கிச் செல்வதே அதன் நுட்பம். பசறையிலோ நமுனுகுலையிலோ இருந்து வரும் சிறுமியிடம் “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்னும் முதல் வினாவே பலவற்றை வெளிப்படுத்தலாம். தாய் மத்திய கிழக்கு நாட்டில் வேலைக்குச் சென்றிருக்கலாம். ஒற்றை அறையிற் பலர் உறங்கலாம்.

அடுத்தது தனிமை. அன்றையப் பேரை இழந்து பிள்ளையை பதுளை வைத்தியசாலைக்கு அழைத்துவந்த தாயை வெளியே இருக்கச் சொன்னால் அவர் மனம் நோவது இயல்பே. இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரிடமும் சிறிது நேரம் தனியே பேசுவது வழக்கம் என்று முன்னரே அவரிடம் சொல்லிவிடின் வருத்தமும் ஐயமும் குறையும்.

இவற்றினும் பெரிய இடர் மொழி. மருத்துவர் சிங்களம் மட்டும் அறிந்தவராயின் இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். அவர் அயல் லயத்தவராகவோ உறவினராகவோ இருந்துவிட்டால் மறைபொருள் என்பதே இல்லையாகும். பொருளும் திரியும். “முழுகாமல் இருக்கிறாள்” என்பதற்குக் கருவுற்றிருக்கிறாள் என்பதே தமிழ் வழக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் அதனைக் குளியாமை என்று உரைத்துவிடக்கூடும். “தூரம்” என்பதைத் தொலைவு என்று கொள்ளவும் கூடும். பிள்ளையோ திருத்தமாட்டாள், நாணித் தலைகுனிவாள். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் விதித்தது. ஆயினும் இத்தகைய சொற்களை எந்த அரசிதழும் கற்பிப்பதில்லை. மருத்துவர்தாம் இருபதோ முப்பதோ கேட்டறிந்து கொள்ளல்வேண்டும்.

இரகசியம் காப்பேன் என்னும் உறுதிமொழிக்கும் எல்லை உண்டு. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின்படி, பதினாறு வயது நிரம்பாத பெண்ணின் இணக்கம் இணக்கமாகாது. தீங்கு நேர்ந்தது தெரியவந்தால் அதனைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்ள மருத்துவரால் இயலாது போகலாம். அவ்வெல்லையைப் பேச்சின் தொடக்கத்திலேயே உரைத்தல் நேர்மை. எல்லாவற்றையும் கேட்டபின் உரைத்தல் வஞ்சகம் போலத் தோன்றும். முன்னரே சொன்னால் பிள்ளை வாய்திறவாள் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. எனினும் ஏமாற்றிப் பெற்ற செய்திக்குப்பின் அப்பிள்ளை மீண்டும் அவ்வறைக்கு வருவது ஐயமே.

தோட்டந்தோறும் செல்லும் மருத்துவ மாதின் பணி பெரிதும் மணமான குடும்பங்களைப் பற்றியது. மணமாகாத இளையோர் அதில் முழுதும் அடங்கார். அவர்களுக்கெனச் சுகாதாரத் துறை ‘யொவுன் பியச’ என்னும் இளைஞர் நல நிலையங்களை ஏற்படுத்தியுள்ளது. அங்கு நுழைவதைத் தெரிந்தவர் கண்டால் மாலைக்குள் மலையெங்கும் செய்தி பரவும் என்பதே இளையோரின் அச்சம். ஆதலின் மறுமுறை வரவேண்டிய நாளைக் குறிக்குமுன், எந்நாளில், வீட்டில் என்ன காரணம் கூறி வர இயலும் என்று பிள்ளையிடமே கேட்டு, வெளிநோயாளர் பிரிவின் சாதாரணத் துண்டிலேயே அதனை எழுதிக்கொடுத்தல் உதவும்.