கால்பந்துக் களத்தில் நல்லாசிரியர் யாவர்?

நன்னூல் பயின்றோர், பவணந்தி முனிவர் நல்லாசிரியர் இலக்கணத்தைக் கூறியதோடு அமையாது, ஆசிரியர் ஆகாதார் இலக்கணத்தையும் எடுத்துரைத்திருத்தலை அறிவர். அதற்கு அவர் காட்டும் உவமைகள் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கு. இவற்றுள் மடற்பனையாவது, மட்டைகள் சூழ நிற்கும் பனைமரம். அது பழத்தைத் தானாக உதிர்க்குமேயன்றி, வேண்டுவோர் ஏறிப் பறித்தற்கு இடங்கொடாது. பருத்திக் குண்டிகையாவது, பஞ்சடைத்த குடுக்கை. அதனுள் இருப்பது எளிதில் வெளிவாராது. மடற்பனையிடத்துக் கனி இல்லாமல் இல்லை. குண்டிகையிடத்துப் பஞ்சு இல்லாமல் இல்லை. உள்ளது பிறர்க்குப் பயன்படும் வகையில் வருவதில்லை என்பதே குறை.

வகுப்பறையை நோக்கிக் கூறப்பட்ட இவ்விலக்கணம் கால்பந்துத் திடலுக்கும் பொருந்தக் கண்டேன். விடுதி மாணவர் சிலர் ஒருநாள் மாலை, இன்றைய ஆட்டக்காரருள் எவர் நாளை சிறந்த பயிற்றுநர் ஆவார் என்று வழக்காடிக் கொண்டிருந்தனர். எவர் மிகுதியான கோல் அடித்தாரோ அவரே மிகச் சிறந்த பயிற்றுநர் ஆவார் என்பது அவர்களுட் பெரும்பாலார் கருத்து. பெருங்கழகங்களை நடத்துவோரும் பலகாலும் இவ்வாறே எண்ணுகின்றனர். வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது.

ஆட்டக்காரராகவும் பின்னர்ப் பயிற்றுநராகவும் ஆடவர் உலகக் கோப்பையை வென்றோர் இதுகாறும் மூவரே. பிரேசிலின் மரியோ ஜகாலோ 1958, 1962 ஆண்டுகளில் ஆடி வென்று, 1970இல் பயிற்றுநராக வென்றார். ஜெர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பவர் 1974இல் அணித்தலைவராகவும் 1990இல் பயிற்றுநராகவும் வென்றார். பிரான்சின் டிடியே டெஷாம் 1998இல் அணித்தலைவராகவும் 2018இல் பயிற்றுநராகவும் அப்பேற்றை அடைந்தார். இம்மூவரும் களத்தில் நின்ற இடங்களைக் கருதிப் பார்த்தல் வேண்டும். ஜகாலோ இடப்புற முன்கள வீரராயினும், பந்து எதிரணியிடம் சென்றவுடன் பின்னோக்கி ஓடிவந்து தற்காப்புக்கு உதவியவர். பெக்கன்பவர் தற்காப்பு வரிசையின் பின்னின்று ஆட்டம் முழுவதையும் இயக்கியவர். டெஷாம் நடுக்களத்தில் பந்தை மீட்டுத் தம்மினும் திறமிக்கார் காலில் சேர்ப்பித்தவர். பிறருடைய இடத்தையும் தம் இடமாகக் கருதி ஆடியவர்கள் இவர்கள்.

இவர்களோடு டீகோ மரடோனாவை வைத்து நோக்குக. 1986இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை ஈட்டித் தந்தவர் அவர். தம் நாட்டு அணிக்கு 2008 முதல் 2010 வரை பயிற்றுநராக இருந்தபோதோ, அவ்வணி 2009இல் பொலிவியாவிடம் 1-6 என்றும், 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்றும் தோற்றது. அணியில் மெஸ்ஸி இருந்தார். ஆனால் அப்போட்டித் தொடரில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. மரடோனா அறியாத கால்பந்து ஒன்று இல்லை. ஆயினும், ஐவரைக் கடந்து செல்வது எப்படி என்று அவரிடம் ஒருவர் வினவினால் அவர் என்ன விடை கூற இயலும்? எண்ணிச் செய்யாததை எடுத்துரைப்பது அரிது. மடற்பனை நல்ல பழத்தைத்தான் உதிர்க்கின்றது, ஏறுவோர்க்கு வழியில்லை.

இனி, ஒரே ஆசிரியரிடம் ஒரே காலத்திற் பயின்ற இருவரைக் காண்போம். 1987இல் இத்தாலியின் மிலான் கழகத்திற்குப் பயிற்றுநராக வந்தவர் ஆரிகோ சாக்கி. அவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர். காலணி விற்பனை செய்தவர். ஆடாதவர் எவ்வாறு ஆட்டுவிக்கலாம் என்று கேட்டோர்க்கு, குதிரை ஊர்பவன் முன்னர்க் குதிரையாக இருந்திருத்தல் வேண்டும் என்பதைத் தாம் அறியவில்லையே என்ற கருத்துப்பட விடையிறுத்தார். (ஆசிரியப் பணியிலிருந்து வந்து இந்திய அணியைப் பயிற்றுவித்த ஐதராபாத்துச் சையது அப்துல் ரகீமின் நினைவு இவ்விடத்தில் வருகின்றது. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவர் காலத்தில் கிடைத்தவை. 1962 இறுதியாட்டத்தில், தலையில் காயம்பட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் நிறுத்த, ஜர்னைலும் ஒரு கோல் அடிக்க, தென்கொரியாவை 2-1 என வென்றோம்.)

சாக்கியின் பயிற்சி முறை விந்தையானது. பந்தே இல்லாமல் பதினொருவரையும் களத்தில் நிறுத்துவார். பந்து இன்ன இடத்தில் இருக்கின்றது என்று அவர் கூறியவுடன், இல்லாத அப்பந்தை நோக்கி அணி முழுவதும் ஒரே கயிற்றாற் கட்டியதுபோல் நகர்தல் வேண்டும். இம்முறையில் பயின்ற மிலான் 1989, 1990 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவ்வணியின் பெருமைக்குரிய கோல் வேட்டைக்காரர் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய தங்கப்பந்து விருதை 1988, 1989, 1992 என மும்முறை பெற்றவர். நடுக்களத்தில் ஆடியவர் கார்லோ அன்செலோட்டி. முழங்கால் காயங்களால் அவருடைய விரைவு குன்றியிருந்தது. ஓட்டத்தில் இழந்ததை நிற்கும் இடத்தால் ஈடுசெய்ய வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

ஆட்டம் விடுத்தபின் இருவரும் பயிற்றுநர் ஆயினர். அன்செலோட்டி 1992இல் ஓய்வு பெற்று, இத்தாலிய நாட்டணியில் சாக்கிக்குத் துணைப் பயிற்றுநராக அமர்ந்தார். பின் ரெஜியானா என்னும் சிறு கழகத்தில் தொடங்கினார். பார்மாவில் இருந்தபோது, தம் ஆசான் வகுத்த 4-4-2 அமைப்பில் இடமில்லை என்று கருதி ராபர்டோ பாஜியோவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அது பிழையென்று பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். அன்செலோட்டியின் பெருமையை அவருடைய வெற்றிகளைவிட இவ்வொப்புதலிலேயே நான் மிகுதியாகக் காண்கிறேன். அதன்பின் அவர் ஆட்டக்காரரை அமைப்பிற்குள் திணிப்பதை விடுத்து, ஆட்டக்காரர்க்கேற்ப அமைப்பை வளைக்கக் கற்றார். மிலானில், முன்களத்தை ஒட்டி ஆடிவந்த ஆண்ட்ரியா பிர்லோவைத் தற்காப்பு வரிசையின் முன்னால் நிறுத்தி, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடுக்கச் செய்தார். 2003, 2007 ஆண்டுகளில் மிலானுக்கும், 2014, 2022, 2024 ஆண்டுகளில் ரியல் மாட்ரிடுக்கும் ஐரோப்பிய வாகையர் பட்டம் தேடித்தந்தார். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, ஸ்பெயின் என்னும் ஐந்து நாடுகளின் முதனிலைத் தொடர்களையும் வென்ற பயிற்றுநர் அவர் ஒருவரே.

வான் பாஸ்டனும் சிறுமைப்பட்டார் அல்லர். 2008 ஐரோப்பியப் போட்டியில் அவருடைய நெதர்லாந்து அணி இத்தாலியை 3-0 என்றும் பிரான்சை 4-1 என்றும் வென்று, காலிறுதியில் ரஷ்யாவிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே அயாக்ஸ் கழகப் பொறுப்பினின்று விலகினார். 2014இல் ஏ.இசட். என்னும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக இருந்தபோது, மன அழுத்தத்தால் உடல்நலம் குன்றி, அப்பொறுப்பை விடுத்துத் துணைப் பயிற்றுநர் நிலைக்குத் தாமே இறங்கினார். தம்மால் இயலாதது இன்னது எனக் கண்டு, உலகறிய ஏற்றுக்கொள்ள எத்துணைத் துணிவு வேண்டும்! புகழை மட்டுமே நோக்கி ஒருவரைப் பயிற்றுநர் இருக்கையில் அமர்த்துவதால் விளையும் தீங்கு, கழகத்தின் தோல்வியோடு முடிவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

நடுக்களத்தார் மிகுதியும் நல்ல பயிற்றுநர் ஆதற்குக் காரணம் வெளிப்படை. முன்கள வீரர்க்கு எதிரில் இருப்பது கோல் கம்பம். நடுக்கள வீரர்க்கோ முன்னும் பின்னும் இருமருங்கும் ஆட்டம் நடக்கின்றது. பந்து காலுக்கு வருமுன்னரே அடுத்து எங்கு அனுப்புவது என்று முடிவு செய்தல் வேண்டும். ஆகவே அவர் ஆடும்போதே பயிற்றுநரைப் போல் சிந்திக்கின்றார். மெலிந்த உடலும் மிகா விரைவும் கொண்டிருந்த பெப் குவார்டியோலாவைப் பார்சிலோனாவின் நடுக்களத்தில் நிலைநிறுத்தியவர் யோஹான் குரூய்ஃப். அவர்தம் பயிற்சியில் 1992இல் அக்கழகம் முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது குவார்டியோலா அவ்வணியில் ஆடினார். பின்னர், ஆட்டக்காலத்தின் இறுதியில் மெக்சிகோ சென்று ஹுவான் மானுவேல் லில்லோ என்னும் பயிற்றுநரின் கீழ் ஆடினார். அர்ஜென்டினா சென்று மார்செலோ பீல்சாவை நாடி, நெடுநேரம் வினவிக் கற்றார். பெயர் பெற்ற பின்னரும் மாணவராக ஊர் ஊராகச் சென்றவர் அவர்.

குரூய்ஃப் மாபெரும் ஆட்டக்காரர் அல்லரோ, அவர் மட்டும் எங்ஙனம் வென்றார் என்று வினவலாம். அவர் பந்தோடு ஓடும்போதே கையை நீட்டி மற்றவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டியவர். அவரது மேதைமை காலில் மட்டும் தங்கவில்லை; வாயிலும் இருந்தது. பேச்சை அவர் நிறுத்தியதே இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

நடுக்கள இலக்கணத்திற்கு இடறலாக நிற்பவர் இங்கிலாந்தின் பிரையன் கிளஃப். இவர் கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர். 274 தொடராட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசம்பர் 26ஆம் நாள் சண்டர்லாந்துக் கழகத்திற்காக ஆடுகையில் எதிரணி இலக்குக் காவலரோடு மோதி முழங்கால் சிதைந்தது. அப்போது அகவை 27. அவ்வளவில் ஆட்ட வாழ்வு ஏறத்தாழ முடிந்தது எனலாம். கழகம் அவரிடம் இளைஞர் அணியை ஒப்படைத்தது. ஓட இயலாத அவர் பார்க்கக் கற்றார். 1965இல், முப்பதாம் அகவையில், ஹார்ட்டில்பூல்ஸ் என்னும் எளிய கழகத்தின் பொறுப்பேற்றார். உடன் அழைத்துச் சென்றது, மிடில்ஸ்பரோவில் தம்மோடு ஆடிய இலக்குக் காவலர் பீட்டர் டெய்லரை. இலக்குக் காவலர் ஆட்டத்தின் பெரும்பகுதியை நின்று நோக்குபவர். எவரிடம் என்ன திறன் உளது என்று கண்டறியும் கண் டெய்லருடையது. அத்திறனைப் பேச்சால் தட்டியெழுப்பும் நா கிளஃபுடையது. 1972இல் டெர்பி கவுண்டி இங்கிலாந்தின் முதனிலைத் தொடரை வென்றது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1977இல் மேல்நிலைக்கு உயர்ந்து, 1978இல் தொடரையும், 1979, 1980இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. அங்கே உடல் பருத்து, மதிப்பிழந்து கிடந்த ஜான் ராபர்ட்சனை இடப்புற முன்களத்தில் நிறுத்தினார் கிளஃப். 1979 இறுதியாட்டக் கோலுக்குப் பந்தை அனுப்பியவரும், 1980 இறுதியாட்டக் கோலை அடித்தவரும் அந்த ராபர்ட்சனே. டெய்லர் உடன் வராத லீட்ஸ் கழகத்தில், 1974இல், கிளஃப் தாக்குப்பிடித்தது 44 நாள் மட்டுமே என்பதையும் மறைத்தல் ஆகாது.

காயம் பட்டாரெல்லாம் ஆசான் ஆகிவிடுவர் என்று கொள்ளற்க. வான் பாஸ்டனின் ஆட்டமும் கணுக்காற் காயத்தால்தான் இளமையிலேயே முடிந்தது. வேறுபாடு யாதெனின், கிளஃப் ஆட்டம் விடுத்ததும் சிறுவர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார் என்பதே.

இப்பழகுகாலம் இன்றேல் நடுக்கள ஞானமும் கைகொடாது. அன்செலோட்டி உருவாக்கிய அதே பிர்லோவை, 2020 ஜூலை இறுதியில் யுவென்டஸ் கழகம் தன் இளையோர் அணிக்குப் பயிற்றுநராக அமர்த்தியது. பத்து நாள் செல்லுமுன், அவ்வணி ஓர் ஆட்டமும் ஆடுமுன், முதன்மை அணியையே அவர் கையில் ஒப்படைத்தது. தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் இத்தாலியத் தொடரை வென்றிருந்த கழகம் அவ்வாண்டு நான்காம் இடத்திற்கு இறங்கியது. இத்தாலியக் கோப்பையை வென்றும் பிர்லோ விலக்கப்பட்டார். இதில் பிர்லோவைக் குறை கூற எனக்கு மனமில்லை. முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றவரை மறுநாளே துறைத்தலைவர் ஆக்கினால் யார்மேற் குற்றம்? ஜிடான், அன்செலோட்டிக்குத் துணைவராக ஓராண்டும், ரியல் மாட்ரிடின் இரண்டாம் அணியில் ஓராண்டுக்கு மேலும் பழகிய பின்னரே, 2016, 2017, 2018 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்றார். சாபி அலோன்சோ தம் பழைய கழகமான ரியல் சோசியடாடின் இரண்டாம் அணியில் இருந்து வந்தே, 2023-24இல் பேயர் லெவர்குசனை ஓர் ஆட்டமும் தோற்காமல் ஜெர்மனித் தொடரை வெல்லச் செய்தார்.

விடுதி மாணவர்தம் வழக்கிற்கு இனி என் தீர்ப்பைக் கூறலாம். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்ற செர்ஜியோ புஸ்கெட்ஸையே முதலிற் கூறுவேன். விரைவின்றி, ஆரவாரமின்றி, பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்த்தே பதினைந்தாண்டுகட்கு மேல் ஆடியவர். 2024இல் ஓய்வு பெற்ற டோனி குரூஸை அடுத்து வைப்பேன். மெஸ்ஸியின் பெயரைச் சொன்ன மாணவர் என்மீது வருந்தக்கூடும். அவரைப் பயிற்றுநராகக் காண எனக்கு விருப்பமுண்டு, நம்பிக்கை இல்லை. என் தீர்ப்பைப் பொய்ப்பிக்க வேண்டுமாயின், அவர் ஏதேனும் ஒரு சிறுவர் அணியில், எவரும் படம் பிடிக்காத ஒரு திடலில், ஈராண்டு நின்று பார்க்கட்டும்.