எலும்பை வளர்த்த மருத்துவர்

வீட்டில் ஒருவருக்குக் கால் ஒடிந்துவிட்டால் குடும்பமே முடங்கிப்போகிறது. மாவுக்கட்டுப் போட்டு மாதங்கள் கழிந்த பின்னும் எலும்பு கூடாதிருந்தால் அனைவர் உள்ளத்திலும் அச்சம் குடிகொள்ளுகிறது. இனி இவர் நடப்பாரா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடைகாணத் தம் வாழ்நாளையே செலவிட்டவர் ஒருவர். அவர்தாம் சோவியத் நாட்டு மருத்துவ மேதை கவ்ரீல் இலிசாரோவ்.

அவர் 1921-ஆம் ஆண்டில் போலந்து நாட்டிலுள்ள பியாவோவியேழா என்னும் ஊரில் பிறந்தார். காக்கசஸ் மலைநாட்டில் எளிய குடும்பமொன்றில் வளர்ந்தார். 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்ததும், சைபீரியாவின் குர்கான் பகுதியிலுள்ள தொல்கோவ்கா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். உலகப் போரில் கைகால் முறிந்து திரும்பிய வீரர்கள் அங்கே அவரை நாடி வந்தனர். ஆறாத புண்களோடும் பொருந்தாத எலும்புகளோடும் அவர்கள் படும் துயரைக் கண்ட இளம் மருத்துவர், மாவுக்கட்டு மட்டும் போதாது என உணர்ந்தார்.

நெடுநாள் சிந்தனையின் பயனாக, 1951-இல் ஒரு கருவியை அமைத்தார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். அவ்வளையங்களில் இழுத்துக் கட்டப்பட்டு, எலும்பின் ஊடே செல்லும் மெல்லிய கம்பிகள். வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திருகுக் கோல்கள். மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் மெல்லியனவாயினும் இழுவிசையால் பாரம் தாங்குவதை நாம் அறிவோம். அதே தத்துவந்தான் இங்கும். எலும்பு அசையாது நிற்பதால், நோயாளி படுக்கையிலேயே கிடவாமல் காலூன்றி நடக்கவும் இயலும்.

முறிந்த முனைகளை நெருக்குவதே முதலில் அவர்தம் நோக்கம். ஆனால், நோயாளி ஒருவர் மரைகளைத் தவறான திசையில் திருகிவிட, முனைகள் விலகின என்றும், அவ்விடைவெளியில் புதிய எலும்பு தோன்றியிருப்பதை இலிசாரோவ் எக்ஸ்ரே படத்தில் கண்டார் என்றும் கூறுவர். பிறரென்றால் பிழையெனத் தள்ளியிருப்பர்; அவரோ அதனை ஆராய்ந்தார். நாய்களைக் கொண்டு பல சோதனைகள் நடத்தினார். எலும்பை நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டர் விலக்கினால் புதிய எலும்பு சரிவர உருவாவதில்லை. அரை மில்லிமீட்டர் மட்டும் விலக்கினாலோ, இடைவெளி உரிய காலத்துக்கு முன்பே இறுகிவிடக்கூடும். 1 மில்லிமீட்டரே ஏற்றது. அதனையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை பிரித்து விலக்குதல் நன்று எனக் கண்டார். எலும்போடு தசையும், நரம்பும், இரத்தக் குழாய்களும், தோலும் சேர்ந்தே வளர்ந்தன!

இவ்வுண்மையைப் பெருநகர மருத்துவர் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. டோக்கியோவில் 1964-இல் உயரத் தாண்டலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். பல அறுவைகளுக்குப் பின்னும் கால் குணமாகவில்லை. 1968-இல் இலிசாரோவின் சிகிச்சை பெற்று, மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். இத்தாலிய மலையேறுநர் கார்லோ மௌரி, ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம் ஊனமுற்றிருந்த காலோடு 1980-இல் குர்கானுக்குச் சென்று நலம்பெற்றார். அதனைக் கண்டு வியந்த இத்தாலிய மருத்துவர்கள் 1981-இல் இலிசாரோவைத் தம் நாட்டு மாநாட்டிற்கு அழைத்தனர். அதன்பின் மேலைநாடுகளெங்கும் அவர் முறை பரவிற்று. 1992-இல் அவர் மறைந்தார். குர்கானிலுள்ள பெரிய மருத்துவ ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்சிகிச்சை எளிதன்று. 5 சென்டிமீட்டர் நீட்டுவதற்கே 50 நாட்கள் வேண்டும். புதிய எலும்பு உறுதிபெற மேலும் பல மாதங்கள் ஆகும். வலியுண்டு, கம்பி நுழையும் இடங்களில் சீழ்ப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நாள்தோறும் அவ்விடங்களைத் தூய்மை செய்து, மரை திருகி, மனந்தளராதிருக்க நோயாளிக்குக் குடும்பத்தாரின் துணை இன்றியமையாதது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? எலும்பு உயிரற்ற கட்டையன்று. தேய்ந்தும் புதுப்பித்தும் வாழும் உறுப்பு. முறிவு நேர்ந்ததும் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்பாலம் அமைகிறது. பின்னர் அது வன்மையான எலும்பாக மாறுகிறது. இப்பணிக்கு நல்ல இரத்த ஓட்டமும், புரதமும் சுண்ணச் சத்தும் நிறைந்த உணவும் தேவை. புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதை ஆடவர் நினைவிற்கொள்வாராக. மருத்துவர் இசைவு தந்தபின், அச்சத்தால் நடக்காமலே கிடப்பதும் நன்றன்று. அளவான பாரமே எலும்புக்கு வலிமை தரும்.

ஆகவே, கட்டுப் போட்டவரிடம் "இன்னும் ஆறவில்லையா?" என்று நாள்தோறும் கேட்டு அவர்தம் மனத்தை நோகச் செய்யாதீர்கள். எலும்பு தனக்குரிய வேகத்தில்தான் வளரும்.