கழுத்தில் ஆரஞ்சு, காலில் முட்டை

லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, அடுத்த நிறுத்தமான நியூட்டனில் மாறினால் காதிப் வரை நேர்வழி. அங்கிருந்து பேருந்தில் மண்டாய். ஜூரோங்கில் 1971 முதல் 2023 ஜனவரி வரை இருந்த பறவைப் பூங்காவின் வாரிசான பேர்ட் பாரடைஸ், அதே ஆண்டு மே மாதம் இங்கே திறந்தது. வெளியே சட்டை நனையும் புழுக்கம். உள்ளே, கண்ணாடிக்கு அப்பால், பென்குவின்களின் குளிர் தேசம்.

பென்குவின் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று நினைத்திருந்தால் ராஜ பென்குவினைப் பாருங்கள். உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காதோரம் சொட்டுப்போல ஆரஞ்சுத் திட்டு; அது கழுத்தில் இறங்கி நெஞ்சில் மஞ்சளாகக் கரைகிறது. பூநாரையின் சிவப்பு அது தின்னும் இரையிலிருந்து வருவது. இதன் இறகு மஞ்சளோ சொந்தச் சரக்கு. அந்த நிறமி பென்குவின்களின் உடலிலேயே உருவாகிறது. கீழ் அலகின் ஆரஞ்சுப் பட்டை புற ஊதா ஒளியையும் பிரதிபலிக்கிறது. அது நம் கண்ணுக்கு எட்டாது. எட்டவேண்டிய கண் வேறு: இணை தேடும் இன்னொரு பென்குவினின் கண்.

தரையில் இதன் நடை சிரிப்பை வரவழைக்கும். ஆனால் கீழ்த்தளத்துக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். சிறகு துடுப்பாகிறது. பறக்கும் பறவைகளுக்கு எலும்பு லேசு, இதற்குக் கனம். அந்தக் கனம்தான் மூழ்கத் துணை. தெற்கு ஜார்ஜியா, குரோசே போன்ற தீவுகளைச் சுற்றிய கடலில், விளக்கு மீன்களைத் துரத்தி 300 மீட்டருக்கும் கீழே போகிறது. மூச்சை ஐந்து நிமிடத்துக்கு மேல் அடக்கும். அதற்கான ஆக்சிஜனில் பெரும்பங்கு தசைகளிலேயே சேமிப்பாக இருக்கிறது.

கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டை, அதைப் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடி, தாயும் தந்தையும் முறைபோட்டு ஏறக்குறைய 54 நாள் காக்கின்றன. குஞ்சு பெற்றோரைப் போலவே இருக்காது: பழுப்புக் கம்பளிப் பொதி! பழங்காலக் கடலோடிகள் அதை வேறொரு பறவையினம் என்றே எண்ணினார்கள். ஒரு பிள்ளையை ஆளாக்க ஓராண்டுக்கு மேல் ஆவதால் ஆண்டுதோறும் குஞ்சு வளர்க்க இவற்றால் முடியாது.

ஞாயிறு மாலைத் தேக்காவில் கைபேசி இல்லாமல் நண்பரைத் தேடியவருக்கு அடுத்த சங்கதி புரியும். தீவில் பல்லாயிரம் பறவைகள், ஒரே கூச்சல், எல்லாக் குஞ்சுகளும் ஒரே பழுப்பு. கடலிலிருந்து திரும்பும் தாய் எக்காளம்போலக் கத்துகிறது. அதன் குரலுறுப்புக்கு இரண்டு கிளைகள். ஒரே நேரத்தில் இரண்டு சுருதி எழும். அந்தக் கலவை ஒவ்வொரு பறவைக்கும் தனி. குஞ்சு அதைக் கேட்டுப் பதில் விசில் அடிக்கிறது.