அசைவைப் பிடிக்கும் கலை

சித்திரப் பாவையை மனிதனைப்போல் நடக்கவைப்பது எப்படி? அமெரிக்காவில் மாக்ஸ் பிளைஷர், கோமாளி உடையணிந்த தம் தம்பியைப் படம்பிடித்து, ஒவ்வொரு படத்தின்மேலும் கோடு வரைந்தார். 1917-இல் அம்முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

2010-இல் வெளிவந்த கினெக்ட் என்னும் விளையாட்டுக் கருவியோ, அகச்சிவப்பு ஒளியால் தொலைவை அளந்து, உடலின் 20 மூட்டுகளின் இடத்தைத் தானே கணித்தது. பெருஞ்செலவுக் கூடங்களின் வித்தை வீட்டுக்கும் எட்டியது. இன்று கைப்பேசிக் காமிராவைக் கொண்டே பழகத் தொடங்கலாம்.

ஆயினும், ஒரு கால் மறுகாலை மறைத்தால் கருவி ஊகிக்கத் தொடங்கும். பாவையின் பாதம் தரையில் வழுக்கும். அதைத் திருத்த, உடற்பாரம் எந்தக் காலில் நிற்கிறதென்று அறிதல் வேண்டும். பிழையைக் காணும் கண்ணே கல்வியின் பயன் என்பது ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை. ஆதலின், முதலில் மனிதர் நடப்பதைக் கூர்ந்து நோக்குங்கள். கருவியைப் பின்னர்த் தேடலாம்.