பூவைத் துரத்தி நான்கு வாரம்

குழந்தைகளே, அட்லஸில் ஜப்பான் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் வேண்டும். அந்த நாட்டில் நான்கு வாரம் சுற்றிவர இன்று திட்டம் போடப் போகிறோம். போக முடிகிறதோ இல்லையோ, திட்டம் போடச் செலவில்லை!

பலர் என்ன செய்வார்கள்? பார்க்க வேண்டிய ஊர்களை எழுதி, ஊருக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுவார்கள். பாதி நாள் ரயிலிலும் மீதி நாள் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். நமக்கு அது வேண்டாம். 'சகுரா' எனப்படும் செர்ரிப் பூவின் பின்னாலேயே போவோம்.

சகுரா ஜப்பான் முழுவதும் ஒரே நாளில் பூப்பதில்லை. மார்ச் கடைசியில் தெற்கே கியூஷு தீவில் பூக்கத் தொடங்கினால், வடக்கே ஹொக்கைடோவுக்குப் போய்ச் சேர ஏப்ரல் முடிந்துவிடும். ஓர் ஊரில் பூ நிற்பது சுமார் ஒரு வாரம்தான். பெரும்பாலும் 'சோமெய் யோஷினோ' என்னும் வகை மரங்கள். விதை போட்டு வளர்த்தவை அல்ல, ஒட்டுக் கட்டி வளர்த்தவை. எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் கொட்டிவிடும். டோக்கியோவில் யாசுகுனி கோயிலில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால்தான் வானிலைத் துறையினர் "பூத்துவிட்டது" என்று அறிவிப்பார்கள்.

இனி பென்சிலை எடுங்கள். மார்ச் 29 ஃபுகுவோகா. ஏப்ரல் 1 ஹிரோஷிமா. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடும் புல்லட் ரயில் ஒன்றின் பெயரே 'சகுரா'தான்! ஏப்ரல் 4 கியோட்டோ. அங்கே ஐந்து நாளாவது தங்குங்கள். 9ஆம் தேதி டோக்கியோ. அங்கே பூ கொட்டியிருக்கும், பரவாயில்லை, பார்க்க வேறு எவ்வளவோ உண்டு. 12ஆம் தேதி செண்டாய். கடைசியாக, வடக்கே ஹிரோசாகி.

டோக்கியோ வடக்கே இருக்கிறது, ககோஷிமா தெற்கே இருக்கிறது. அப்படியானால் ககோஷிமாதானே முதலில் பூக்க வேண்டும்? எப்போதும் அப்படி நடப்பதில்லை. மொட்டு விழித்துக்கொள்ள முதலில் நல்ல குளிர் வேண்டும், பிறகுதான் வெப்பம். தெற்கே குளிர் போதாத ஆண்டுகளில் டோக்கியோ முந்திக்கொள்ளும்.

நம் திட்டத்துக்கு ஆபத்தும் இங்கேதான். கியோட்டோவில் பூ உச்சத்தில் இருப்பது வழக்கமாக ஏப்ரல் 4 வாக்கில். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே உச்சம் வந்துவிட்டது. 1,200 ஆண்டுக் குறிப்புகளில் அதுவரை அதுவே மிகவும் சீக்கிரம்! அந்த ஆண்டு நம் திட்டப்படி போயிருந்தால் தரையில் கிடந்த இதழ்களைத்தான் பார்த்திருப்போம்.

அதனால் செண்டாய்க்குப் பிறகு ஒரு வாரத்தை நிரப்பாமல் விடுங்கள். பூ முந்தினால் நாமும் வடக்கே ஓடலாம், பிந்தினால் காத்திருக்கலாம். பணத்தைத் திருப்பித் தரும் விடுதிகளிலேயே அறை பதிவு செய்யுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் சரி.

அடுத்து ரயில் செலவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 21 நாள் ரயில் பாஸ் உண்டு. 2023 அக்டோபரில் அதன் விலை 60,450 யென்னிலிருந்து 1,00,000 யென்னுக்குத் தாவியது. (எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்கள்!) 6 முதல் 11 வயது வரை பாதி விலை. தனித்தனி டிக்கெட்டுகளின் விலையைக் கூட்டிப் பார்க்காமல் பாஸ் வாங்கக் கூடாது. வாங்குவதானால் ஏப்ரல் 4 முதல் 24 வரை எடுங்கள். தொலைதூரப் பயணங்கள் அந்த நாட்களில்தான்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே தொடர் விடுமுறைக் காலம். (மே 5 அவர்களுடைய குழந்தைகள் தினம்.) ரயிலில் இடம் கிடைக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். 25ஆம் தேதியோடு பயணத்தை முடித்துக்கொள்வோம்.

கடைசி நாட்களை ஹிரோசாகிக்கே கொடுங்கள். கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 சகுரா மரங்கள். பூ உதிர்ந்தாலும் கவலையில்லை. இதழ்கள் அகழியில் மிதந்து, தண்ணீரே தெரியாதபடி இளஞ்சிவப்பாய் மூடிக்கொள்ளும். அதைப் பார்க்கவே தாமதமாக வருகிறவர்களும் உண்டு.