கடன் வாங்காதவளுக்குக் கடன் கிடையாதாம்!

"கடனில்லாக் கஞ்சி கால் வயிறு" என்று என் அம்மா சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாள். கல்யாணமாகி பெரம்பலூர் வந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. மளிகைக் கடையில்கூட நான் கணக்கு வைத்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமை ஒரே நாளில் எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஜாக்கெட், பாவாடை, பிள்ளைகளின் யூனிஃபாரம் என்று ஏதாவது வரும். 2024 மார்ச் மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாக யூனிஃபாரம் தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள். ஒரு பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் இருந்தால் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். எண்பதாயிரம் ரூபாய் வேண்டும். பாஸ்புத்தகம், ஆதார், பான் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாங்க்குக்குப் போனேன்.

அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினான். என் பான் நம்பரை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான்.

"அம்மா, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்களே. ஸ்கோரே வரலை."

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்லை தம்பி. அது நல்லதுதானே?"

"நல்லதுதாம்மா. ஆனா, வாங்கினா ஒழுங்கா திருப்பிக் கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். யூனிஃபாரம் ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது என்ன ஸ்கோர்?

மறுநாளே விசாரிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் உதவினாள். நம் நாட்டில் யார் யார் எந்த பாங்க்கில் எவ்வளவு கடன் வாங்கினார்கள், தவணையைத் தேதி தவறாமல் கட்டினார்களா என்று குறித்து வைக்க நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று பெயர். இதில் மூத்தது சிபில். 2000-ம் வருஷம் தொடங்கியது. அதனால்தான் எல்லோரும் பொதுவாக "சிபில் ஸ்கோர்" என்கிறார்கள். இவற்றுக்கென்று 2005-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பள்ளிக்கூட மார்க் மாதிரிதான். 300-ல் ஆரம்பித்து 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் பாங்க்குக்காரர்கள் முகம் மலர்கிறது. தேதி தவறினால் மார்க் இறங்கும். பரீட்சையே எழுதாதவளுக்கு மார்க் ஏது? என் கதை அதுதான்.

சகோதரிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். குழுவாகச் சேர்ந்து மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளில் வாங்குகிறோமே, அந்தக் கடனும் ஒவ்வொருத்தி பேரிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அவர் கட்டாமல் விடும்போது நம் மார்க்கும் சேர்ந்தே இறங்கும். "சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா" என்று யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ரிப்போர்ட்டை நாமே பார்க்கலாம். இந்த நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2017-லிருந்து விதி வைத்திருக்கிறது. நாமே பார்ப்பதால் மார்க் குறையாது. அதில் தப்பு இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். முப்பது நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளைக்கும் நமக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டும் என்பதும் விதி.

டெபாசிட் போட்டு வாங்கிய கார்டு

இவர் கார்டில் என் பேருக்கு ஒரு துணைக் கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். துணைக் கார்டில் செலவழிப்பது நானாக இருந்தாலும், கட்டும் பொறுப்பும் அதனால் வரும் நல்ல பேரும் முக்கியமாக அவர் கணக்குக்குத்தான் போகும். எனக்கு வேண்டியது என் பேரில் ஒரு பதிவு.

சம்பளச் சீட்டு இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பாங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குவது. பல பாங்க்குகள் தருகின்றன. தையலில் சேர்த்து வைத்திருந்த 25,000 ரூபாயை 2024 ஏப்ரலில் டெபாசிட்டாகப் போட்டேன். 20,000 ரூபாய் வரம்பில் கார்டு கொடுத்தார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. நாம் கட்டாமல் விட்டால் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

இருபதாயிரம் வரம்பு என்றால் இருபதாயிரமும் செலவழிக்கலாம் என்று அர்த்தமில்லை. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பதுதான் மார்க்குக்கு நல்லது. நான் 6,000 ரூபாய் என்று கோடு போட்டுக்கொண்டேன். காஸ் சிலிண்டர், கரண்ட் பில், மளிகை, எப்படியும் செலவாகிற பணம்தானே! கார்டில் தேய்த்த அன்றைக்கே அந்தத் தொகையை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். பில் வந்ததும் அதை அப்படியே கட்டிவிடுவேன்.

தேதிக் கணக்கையும் கற்றுக்கொண்டேன். எனக்கு 10-ம் தேதி பில் போடுவார்கள். 30-ம் தேதிக்குள் கட்டவேண்டும். ஜூன் 11-ல் வாங்கிய சாமானுக்கு ஜூலை 30-ல் பணம் கொடுத்தால் போதும். நாற்பத்தொன்பது நாள் வட்டியில்லாத கைமாற்று! அதே சாமானை ஜூன் 9-ல் வாங்கினால் இருபத்தோரு நாள்தான். ஆனால் இந்தச் சலுகை எல்லாம் முழு பில்லையும் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே.

அரியலூர் நாத்தனாரின் கண்ணீர்

அந்த வருஷம் ஆடி மாதம் அரியலூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். என் கைப்பையில் கார்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, இந்தச் சனியன் உங்களுக்கு எதுக்கு? என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அவருக்குத் தெரியாது. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

பெரியவனின் காதுகுத்துக்குத் துணிமணி, மிக்ஸி, சீர் சாமான் எல்லாம் கார்டில் வாங்கியிருக்கிறாள். கை இறுகியபோது அதே கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் பணமாகவும் எடுத்திருக்கிறாள். மொத்தம் 18,000 ரூபாய். பில்லில் "குறைந்தபட்சத் தொகை 900" என்று போட்டிருந்ததாம். அதைக் கட்டினால் போதுமாக்கும் என்று பத்து மாதம் விடாமல் 900 கட்டியிருக்கிறாள்.

"ஒன்பதாயிரம் கட்டிட்டேன் அண்ணி. இன்னும் பதினாறாயிரத்துக்கு மேல பாக்கின்னு வருது. ஏமாத்துறாங்களா?"

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். மாதத்துக்கு 100 ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் வட்டி. 18,000-க்கு 630 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 113 ரூபாய். ஆக 743. அவள் கட்டிய 900-ல் அசலில் கழிந்தது வெறும் 157 ரூபாய்தான்! வருஷத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்திரண்டு ரூபாய் வட்டி. கந்துவட்டிக்காரரை வாசலில் பார்த்தால் பயப்படுகிறோம். இது பளபளப்பாகக் கைப்பைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்துக்கோ எடுத்த அன்றிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணம் வேறு. பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் சாமானுக்கும் அந்த நாற்பத்தொன்பது நாள் சலுகை கிடையாது.

அவள் அழுதுகொண்டே இருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "முதல்ல மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா. மறைச்சு வைக்கிற கடன்தான் குட்டி போடும்." அன்று சாயங்காலம் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சொல்லிவிட்டாள். அவர் கோபப்படத்தான் செய்தார். சாப்பிடாமல் எழுந்து போனார். ஆனால் மறுநாள் காலையில் அவரே அவளை பாங்க்குக்கு அழைத்துப் போனார். சங்கிலியை அடகு வைத்தார்கள். நூற்றுக்கு வருஷத்துக்குப் பத்து ரூபாய் வட்டியில் பணம் கிடைத்தது. கார்டு பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூடவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2022-ல் விதி போட்டிருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த தையிலேயே சங்கிலி அவள் கழுத்துக்கு வந்துவிட்டது.

பாயிண்ட் ஆசை, பத்திரம்!

என் கார்டு வந்த சில மாதத்திலேயே "பாயிண்ட் தருகிற கார்டு வாங்குங்கள் மேடம்" என்று போன் மேல் போன். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பாயிண்ட்டை ரூபாயாக மாற்றிப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000 ரூபாய் செலவு. கிடைப்பது 180 ரூபாய். அந்தக் கார்டுக்கு வருஷக் கட்டணம் 499 என்றால் ஜி.எஸ்.டி.யோடு 589 ஆகிறது. 409 ரூபாய் நமக்கு நஷ்டம்! நூற்றுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தரும் கார்டானால் 720 ரூபாய் வரும், கட்டணம் போக 131 மிஞ்சும். அதே கார்டு கட்டணமே இல்லாமல் கிடைத்தால் 720-ம் நமக்கே. ஆனால் என் நாத்தனார் ஒரே மாதத்தில் கட்டிய வட்டி 743 என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு வருஷப் பாயிண்ட்டை ஒரு மாத வட்டி விழுங்கிவிடும்.

முதல் கார்டு எடுக்கும்போது நான் பார்த்தவை இவை:

வருஷக் கட்டணம் ஆயுசுக்கும் கிடையாதா, முதல் வருஷம் மட்டும் கிடையாதா என்று எழுத்தில் கேளுங்கள்.

நம் செலவு எதில் அதிகம் என்று மூன்று மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். விமான நிலையத்தில் சொகுசாக உட்கார இடம் தருகிறோம் என்றார் ஒருவர். பெரம்பலூரில் ரயிலே கிடையாது, விமானத்துக்குத் திருச்சி போகவேண்டும். நமக்கெதற்கு அது? மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். சில கார்டில் பெட்ரோலுக்கும் பில்லுக்கும் பாயிண்ட் கிடையாது.

ரூபே கிரெடிட் கார்டு என்றால் யு.பி.ஐ.யோடு இணைத்துக்கொள்ளலாம். 2022-லிருந்து இந்த வசதி இருக்கிறது. கார்டு மெஷின் இல்லாத சின்னக் கடையிலும் போனில் ஸ்கேன் செய்து கொடுத்துவிடலாம்.

பாயிண்ட்டுக்குக் காலாவதி உண்டா, எத்தனை சேர்ந்தால் மாற்றலாம், பணமாக வருமா பொருளாகத்தான் வருமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே சமயத்தில் நாலு பாங்க்கில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஏறும், மார்க் இறங்கும்.

போனில் ஓ.டி.பி. கேட்பவர் யாராயிருந்தாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மெஷின் வந்தது

2024 டிசம்பரில் மகள் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். என் பேரில் முதல் முறையாக ஒரு எண். 748! பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. 2025-ல் மறுபடி அதே பாங்க்குக்குப் போனேன். இந்த முறை கடன் கிடைத்தது. முதன்முறை கடன் கேட்பவர்களை, பழைய கடன் விவரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் பாங்க் அந்த வருஷம் அறிவுறுத்தியிருப்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். உங்களில் யாருக்காவது அப்படிச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இப்போது முன்னறையில் இரண்டு மெஷின் சேர்ந்து ஓடுகிறது. பழைய ஆர்டர் போனது போனதுதான். இந்த வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தின் யூனிஃபாரம் தைக்கிறோம். தவணைத் தேதியை காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கார்டு பில்லும் முழுதாகப் போய்விடுகிறது.

அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். ஆனால் ஒருத்திக்கும் பாக்கி வைக்காமல்தான் இருக்கிறேன் என்று அவளிடம் தைரியமாகச் சொல்லியிருப்பேன். அதற்கு அத்தாட்சி இப்போது என் பேரிலேயே இருக்கிறது.